பிளாக்கேட்: முற்றுகையா, மறிப்பா?

கடற்போர்ச் செய்தி வரும்போதெல்லாம் 'பிளாக்கேட்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. தமிழில் அதைக் 'கடல் முற்றுகை' என்று எழுதுகிறோம். சில சமயம் 'கடல் தடை'. இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லின் பிறப்பு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'பிளாக்' என்றால் அடிப்படையில் மரக்கட்டை. 'பாரிகேட்' என்ற சொல்லின் ஈற்றை அதோடு ஒட்டிக்கொண்டார்கள். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். காரியத்தைத் தடுப்பவனையும் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். இரண்டு மொழிக்கும் ஒரே கட்டைதான் கைகொடுத்திருக்கிறது.

ஆனால் கடலில் கட்டை போட முடியாதே. கப்பல்தான் போய் நிற்க வேண்டும். 1786இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெல்லரோஃபனை எடுத்துக்கொள்வோம். 74 பீரங்கி, முழுக்கப் பாய்மரம். வாயில் நுழையாத அந்தப் பெயரை மாலுமிகள் 'பில்லி ரஃபியன்' ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சுக் கடற்படையோடு மோதிய நைல், டிராஃபல்கர் சண்டைகளால் பேர் பெற்ற கப்பல்தான். ஆனாலும் பிரெஞ்சுத் துறைமுகங்களின் வாயிலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் காவல் காத்ததும் அதன் பெரிய வேலை. ப்ரெஸ்ட் துறைமுகம் மேற்கு பார்த்தது. மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்தால் காவல் கப்பல்கள் இங்கிலாந்தின் டார்பே விரிகுடாவுக்கு ஒதுங்கும். அதே காற்று பிரெஞ்சுக் கப்பல்களையும் வெளியே விடாது. காற்று மாறிக் கிழக்கிலிருந்து அடித்ததோ, உள்ளே இருப்பவன் கிளம்பிவிடுவான். அதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நின்றாக வேண்டும்.

1815 ஜூலையில் பிரான்சின் ரோஷ்ஃபோர் துறைக்கு வெளியே காத்து நின்றதும் இதே பெல்லரோஃபன்தான். வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன், இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குத் தப்பப் பார்த்தார். வழியில்லை. ஜூலை 15 காலை பெல்லரோஃபனில் ஏறி, கேப்டன் மெய்ட்லண்டிடம் தன்னை ஒப்படைத்தார்.

இப்போது முற்றுகைக்கு வருவோம். 'முற்று' என்றால் சூழ்ந்துகொள்வது. 'முற்றியும்' என்று குறள் அரணைப் பற்றிப் பேசும்போது இந்தப் பொருளில்தான் வருகிறது. கோட்டையைச் சுற்றி வளைப்பது கோட்டையைப் பிடிக்க. பெல்லரோஃபன் ரோஷ்ஃபோரைப் பிடிக்கப் போகவில்லை. போக்குவரத்தை நிறுத்தத்தான் போனது. தடை என்பதோ வேறு. உத்தரவு ஒன்று போட்டாலே தடை வந்துவிடும். பிளாக்கேட் அப்படி வராது. கடற்போர் விதிகளைப் பற்றிய 1856ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: எதிரியின் கரையை அணுக விடாமல் உண்மையிலேயே தடுக்கப் போதிய படை அங்கே இருந்தால்தான் பிளாக்கேட் செல்லுபடியாகும்.

அப்படியானால் எது சரியான சொல்? 'கடல் மறிப்பு' என்பேன். வழிமறிக்கிறவன் எதிரே வந்து நிற்கிறான். நகர்ந்துவிட்டால் மறிப்பும் போய்விடும். சாலை மறியல், ரயில் மறியல் எல்லாம் இந்த வேரில் முளைத்தவைதான். துறைமுகம் ஒன்றை மட்டும் குறித்தால் 'துறை மறிப்பு'. மீறி நுழையும் கப்பலை 'மறிப்பு மீறிய கப்பல்' என்று எழுதலாம், எளிதாகவே வருகிறது.

இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறை. 'விளக்கமறியல்', அதாவது விசாரணைக் காவல், அங்கே அன்றாடச் செய்திச் சொல். பெல்லரோஃபனின் கடைசிக் காலத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நெப்போலியனை இறக்கிவிட்ட அதே ஆண்டில் அதைக் கைதிகளை அடைக்கும் கப்பலாக மாற்றினார்கள். 1824இல் பெயரையும் 'கேப்டிவிட்டி', அதாவது சிறைவாசம், என்று மாற்றி, 1836இல் உடைக்க விற்றுவிட்டார்கள்.