முதல் அடி பனிக்கு

ஐஸ் ஹாக்கி ஆட்டமொன்றின் மெதுவோட்டக் காட்சியைப் பார்த்த வாசகர் ஒருவர், வட்டை அடிக்க வேண்டிய மட்டை அதற்குச் சற்று முன்பாகவே பனித்தரையில் மோதுகிறதே, அதனால் வேகம் வீணாகாதா என்று கேட்டிருக்கிறார். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் மட்டையை ஓங்கி வீசி அடிக்கும் ‘ஸ்லாப் ஷாட்’ எனப்படும் அடியின் உயிரே அந்த மோதலில்தான் இருக்கிறது.

இந்த அடியில் பெயர் பெற்றவர் ஸ்லோவாக்கியாவின் டிரென்சின் நகரில் 1977-இல் பிறந்த தடுப்பாட்டக்காரர் ஸ்டெனோ சாரா. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல்.-இல் 1,680 ஆட்டங்கள் ஆடி, பாஸ்டன் புரூயின்ஸ் அணித்தலைவராக 2011-இல் அத்தொடரின் வாகையர் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்று, 45 வயதில் ஓய்வு பெற்றவர். 2012-இல் ஒட்டாவாவில் நடந்த திறன் போட்டியில் அவர் அடித்த வட்டு மணிக்கு 108.8 மைல், அதாவது சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. தாக்குதலின்போது தடுப்பாட்டக்காரர் நிற்கும் நீலக் கோட்டிலிருந்து கோல் கோடு ஏறத்தாழ 19.5 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த வேகம் குறையாமல் சென்றால் வட்டு 0.4 விநாடியில் அங்கே போய்ச் சேரும்.

இனி அந்த மோதலுக்கு வருவோம். மட்டையின் அலகு, அதாவது வட்டைத் தொடும் தட்டையான அடிப்பகுதி, வட்டுக்குப் பின்னால் ஒரு சாண் அளவு தொலைவில் பனியை அடிக்கிறது. பனி அலகைத் தடுக்க, மட்டையைக் கீழே பிடித்திருக்கும் ஆட்டக்காரரின் கை தண்டை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், தண்டு வில்லைப் போல வளைகிறது. வில்லாளி நாணை நிதானமாக இழுத்துச் சேர்க்கும் ஆற்றல் அம்பில் ஒரு நொடிப்பில் இறங்குவதைப் போலவே, உடலின் எடையும் தோளின் திருகலும் தண்டுக்குள் சேர்த்த ஆற்றல், தண்டு நிமிரும்போது வட்டுக்குள் இறங்குகிறது. நிமிர்கிற வேகம் கைகளின் வேகத்தோடு சேர்வதால், அலகின் நுனி கைகளைவிட மிக விரைவாகச் செல்கிறது. கையால் நேராகக் கொடுக்க முடியாத ஒரு வேகத்தை ஒரு கம்பு தன் நிமிர்வால் கொடுக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

170 கிராம் வட்டு சாராவின் வேகத்தில் பறக்கும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 200 ஜூல். வளைவிலிருந்து வருவது அதில் ஒரு பகுதிதான். மீதி உடலின் சுழற்சியிலிருந்து நேரடியாக வருகிறது. ஆனால் அந்தப் பகுதி உரிய கணத்தில் வர வேண்டும். வட்டு அலகோடு ஒட்டியிருப்பது ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரமே. அதற்குள் தண்டு நிமிர்ந்தால்தான் பயன். முன்பே நிமிர்ந்துவிட்டாலும், வட்டு போன பிறகு நிமிர்ந்தாலும், சேர்த்த ஆற்றல் வட்டைச் சேராது. கண்ணுக்குப் புலப்படாத இந்த இடைவெளியை அதிவேகக் கேமராக்கள்தான் நமக்குக் காட்டித் தந்தன. விளையாட்டு இயக்கவியல் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதை ஆடம்பரமாகக் கருதுவோரிடம் நான் உடன்படாததற்கு இதுவே காரணம்.

ஆகவே மட்டையின் விறைப்பு ஆளுக்கேற்ப அமைய வேண்டும். ‘ஃபிளெக்ஸ் 100’ என்று குறிக்கப்பட்ட மட்டையை ஓர் அங்குலம் வளைக்க 100 பவுண்டு விசை தேவை. எண் கூடக் கூட விறைப்பும் கூடும். 206 சென்டிமீட்டர் உயரமுள்ள சாரா, வழக்கமான 63 அங்குல வரம்பைக் கடந்து, உயரமானவர்களுக்கு விதி அனுமதிக்கும் 65 அங்குல மட்டையை ஏந்தினார். அதையும் மிக விறைப்பாகவே வைத்துக்கொண்டார். அவ்வளவு விறைப்பான தண்டை வளைக்க அவருடைய எடையும் வலுவும் இருந்தன. நட்சத்திரங்களைப் பார்த்து அதே விறைப்பில் மட்டை வாங்கும் சிறுவனோ எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்தத் தண்டு வளையாது. பனியில் பட்ட அடியின் அதிர்வு மட்டும் அவன் மணிக்கட்டுக்குத் திரும்பி வரும்.