துணிவு: வெட்டில் பிறந்த சொல்

ஆங்கிலத்தின் ‘டிசைசிவ்னெஸ்’ஸை ‘முடிவெடுக்கும் திறன்’ என்று எழுதிவிட்டுப் போவது நம் வழக்கம். அது கொஞ்சம் பிசகுகிறது. முடிவெடுக்கும் திறன் உள்ளவர் என்றால் நல்ல முடிவுக்கு வருபவர் என்று பொருள்படும். டிசைசிவ் ஆனவரோ முடிவைத் தள்ளிப்போடாதவர், அவ்வளவுதான். அவர் எடுத்த முடிவு தப்பாகவும் போகலாம்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டே’ என்ற முன்னொட்டும் வெட்டுதலைக் குறிக்கும் ‘கைடெரே’ என்ற வினையும் சேர்ந்து பிறந்தது. மற்ற வழிகளை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதுதான் முடிவு. தமிழும் தன் போக்கில் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. துணித்தல் என்றால் வெட்டுதல். நெய்ததிலிருந்து வெட்டியெடுத்தது துணி. மனம் இரண்டுபட்டு நிற்கையில் ஒரு பக்கத்தை வெட்டிவிடுவது துணிதல், அப்படி வந்து சேர்ந்த முடிவு துணிவு. பளிச்சென்று பேசுகிறவரை ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்கிறோமே, அதிலும் இந்த வெட்டுதான்.

இன்று துணிவு என்றதும் வீரம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் ‘எண்ணித் துணிக கருமம்’ (குறள் 467) என்பதை ‘யோசித்துவிட்டுத் தைரியமாக இறங்கு’ என்று பலர் படிக்கிறார்கள். பரிமேலழகர் அங்கே ‘தொடங்குக’ என்றே உரை சொல்கிறார். இன்னும் தெளிவான இடம் 671:

சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு
தாழ்ச்சியுள் தங்குதல் தீது.

சூழ்ச்சி இங்கே சதி அல்ல, ஆராய்தல். ஆராய்ச்சி எங்கே முடிய வேண்டும்? ஒரு துணிவில். எடுத்த துணிவைக் காலம் தாழ்த்திக் கிடப்பில் போடுவது தீது. டிசைசிவ்னெஸ்ஸுக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணம் கிடைப்பது அரிது. நன்னூலும் உரையின் பதினான்கு கூறுகளில் ஒன்றாகத் துணிவைச் சேர்க்கிறது. ஐயத்துக்கு இடமான பொருளை ‘இதுவே’ என்று நிலைநாட்டுவது அது. வீரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே குணத்தைச் சொல்ல ‘முடிவெடுக்கும் துணிவு’ என்பதே என் தேர்வு. வெறும் ‘துணிவுடைமை’ (அதுவும் குறளில், 383இல் உள்ள சொல்தான்) என்று போட்டால் இன்றைய வாசகர் வீரம் என்றே கொள்வார். ‘மன உறுதி’யும் சரிவராது. உறுதி என்பது முடிவெடுத்த பிறகு அதில் நிற்பது, துணிவு முடிவுக்கு வருவது. எதிர்ச்சொல் தேடி அலைய வேண்டாம். ஊசலாட்டம், தயக்கம் இருக்கின்றன. ஆளைச் சுட்ட ‘மதில் மேல் பூனை’ இருக்கிறது.

டிசைசிவ் என்ற உரிச்சொல் வரும்போது சிக்கல் வேறு. போர், வாக்கு, கால்பந்து கோல் எல்லாவற்றுக்கும் அது வரும், ஆனால் அவற்றுக்குக் குணம் கிடையாது. ‘துணிவான கோல்’ என்று எழுத முடியாது. ‘வெற்றியைத் தீர்மானித்த கோல்’, ‘போரின் போக்கை முடிவுசெய்த சண்டை’ என்று வினையாக்கிவிடுவது நல்லது. பெரும்பாலானோர் கை போவது ‘தீர்க்கமான’ என்பதற்கு. அது தீர் என்ற தமிழ் வினையிலிருந்து வந்ததல்ல. நீளத்தைக் குறிக்கும் வடசொல் தீர்க்கம். தீர்க்காயுசு, தீர்க்கரேகை, தொலைவைக் காணும் தீர்க்கதரிசி எல்லாம் அந்த வழி வந்தவை. தீர்வு, தீர்ப்பு ஆகியவற்றின் ஒலிதான் அதை இந்தப் பொருளுக்கு இழுத்து வந்திருக்க வேண்டும். வழக்கில் ஊன்றிவிட்டது, பிழை என்று அடிக்க மாட்டேன். ஆனால் ‘தீர்க்கமாக யோசித்தார்’ என்றால் நெடுநேரம், ஆழமாக யோசித்தார் என்பதே பொருள், சட்டென்று முடிவெடுத்தார் என்பதல்ல.

தீர்மானத்தின் கதை நேர்மாறு. வடசொல் போல ஒலித்தாலும் அதன் முதல் பாதி தமிழின் தீர். செரிமானம், சேர்மானம் போல மானம் ஒட்டியது. மலையாளத்தின் ‘தீருமானம்’ இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. நிச்சயம், நிர்ணயம் இரண்டும்தான் வடமொழி. ஒன்று கல்யாணப் பேச்சோடும் மற்றொன்று விலையோடும் அதிகம் புழங்குகின்றன.

வெட்டிலிருந்து வந்த இன்னொரு நல்ல சொல்லைச் செய்தித்தாள்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன: அறுதி. அறு என்ற வினைதான் வேர். ‘அறுதியிட்டுச் சொன்னார்’ என்றால் மறுபேச்சுக்கு இடமின்றிச் சொன்னார். 234 இடங்கள் உள்ள தமிழகச் சட்டமன்றத்தில் 118 கிடைத்தால் அறுதிப் பெரும்பான்மை. அங்கே பேரம் அறுந்துபோகிறது. எழுத்தில் ‘டிசைசிவ்லி’ வரும் இடத்துக்கு ‘அறுதியாக’ அருமையாகப் பொருந்தும்.

கைவிட்டுப் போன ஒன்றும் உண்டு. அமைச்சருக்கு வேண்டிய வல்லமைகளில் ஒன்றாகக் குறள் 634 சொல்வது ‘ஒருதலையாச் சொல்லல்’, அதாவது கேட்பவருக்கு ஐயம் நீங்கும்படி இதுதான் என்று சொல்வது. ஒருதலைக் காதலும் ஒருதலைப்பட்சமும் வந்தபின் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. இன்று ‘அமைச்சர் ஒருதலையாகப் பேசினார்’ என்று எழுதினால் மறுநாளே மறுப்பு அறிக்கை வரும்.