பார்வையற்றவரின் விரல் தொடுதிரையில் எதைப் படிக்கிறது?

தொற்றுநோய் எச்சரிக்கைகளும் தடுப்பூசி அறிவிப்புகளும் பெரும்பாலும் செல்பேசியிலேயே வரும் இக்காலத்தில், மேடு பள்ளம் எதுவுமற்ற வழவழப்பான திரையில் பார்வையற்றவர்கள் அவற்றை எவ்வாறு படிக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் எழுத்தைப் பேச்சாக்கிச் சொல்கிறது என்பது சுருக்கமான விடை. ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் திரைவாசிப்பான் என்ற பெயர் சற்றே திசைதிருப்புகிறது. அடிப்படையில் அது திரையைப் பார்ப்பதே இல்லை.

செயலி ஒரு பக்கத்தைத் திரையில் வரையும்போது, பக்கத்தின் உறுப்புகளைக் கிளைகிளையாக அடுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு தகவல் மரத்தையும் இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. தலைப்பு, பத்தி, பொத்தான், தேர்வுப்பெட்டி என ஒவ்வோர் உறுப்பும் அம்மரத்தில் ஒரு கணு. தன் பெயர் என்ன, தான் எவ்வகை உறுப்பு, இப்போது எந்நிலையில் இருக்கிறது, திரையில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்னும் நான்கையும் ஒவ்வொரு கணுவும் சுமந்திருக்கும். நோய் அறிகுறிகளைக் கேட்கும் பக்கமொன்றில் விரலை வைத்தால், அப்புள்ளி எந்தக் கணுவின் எல்லைக்குள் விழுகிறது என்று கண்டறிந்து, "இருமல், தேர்வுப்பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை" என்று குரல் சொல்கிறது.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது, தொடுதல் என்ற ஒரே செயலை இரண்டாகப் பிரித்திருக்கும் நேர்த்திதான். வழக்கமான தொடுதிரையில் தொட்ட கணமே பொத்தான் இயங்கிவிடும். பார்க்க முடியாதவருக்கு அது ஆபத்து, ஏனெனில் தேடுவதற்காகத் தடவும்போதே எதையாவது அனுப்பிவிட நேரும். திரைவாசிப்பான் இயங்கும்போதோ ஒருமுறை தொடுவது வெறும் கேள்வி: "இங்கே என்ன இருக்கிறது?" விடையைக் கேட்டபின் திரையின் எந்த மூலையிலும் இருமுறை தட்டினால், கடைசியாகக் கேட்ட உறுப்பு இயங்கும். குறிபார்த்துத் தட்ட வேண்டிய தேவையே இல்லை. விரலை வலப்பக்கமாகச் சுண்டினால் மரத்தின் அடுத்த கணுவுக்குப் போகலாம். பக்கம் முழுவதையும் இப்படியே வரிசையாகக் கேட்டுவிடலாம்.

மரத்தில் இல்லாததைக் குரலால் சொல்ல முடியாது என்பதால், பொதுச் சுகாதாரச் செய்திகள் பலவும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. மருந்தின் அளவும் முகாம் நாளும் அச்சிட்ட அழகான சுவரொட்டியை அப்படியே படமாக வெளியிட்டால், அதற்குரிய கணுவில், படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்றுரை எதுவும் இராது. கேட்பவருக்குக் கிடைப்பது "படம்" என்ற ஒற்றைச் சொல். சில செல்பேசிகள் படத்திலுள்ள எழுத்தைத் தாமே இனங்காண முயல்கின்றன. ஆயினும் மருந்தளவில் ஓர் எண் பிசகினாலும் தீங்குதான். ஒவ்வொரு நோய்ப்பரவலின்போதும் புதிய செயலிக்குப் பணம் ஒதுக்குவதைவிட, இருக்கும் செயலிகளின் கணுக்களுக்குப் பெயரிடவும், "5 மி.லி." என்பதை "ஐந்து மில்லிலிட்டர்" என்று பிழையின்றி உச்சரிக்கும் தமிழ்க் குரல்களை உருவாக்கவும் அப்பணத்தைச் செலவிடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

தமிழுக்கென்றே ஓர் இடர் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவான எண் வழங்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. "தமிழ்" என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் பூட்டுகிறது, அவ்வளவே. வடிவத்தைக் காணாத திரைவாசிப்பான் உள்ளிருப்பதை அப்படியே ஒலிக்க, நோய்த்தடுப்பு அறிவுரை முழுவதும் பொருளற்ற இரைச்சலாகிறது. அதே கோப்பை எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தால், தமிழ்க் குரல் உள்ள அதே செல்பேசி முதல் வரியிலிருந்தே அதைத் தமிழாகப் படிக்கத் தொடங்கிவிடுகிறது.