பத்தியை ஏன் ‘நியாயப்படுத்த’ வேண்டும்?

பாளையங்கோட்டைப் பக்கம் ஆய்வேடு தட்டச்சு செய்பவர்களுக்காக அச்சிட்ட ஒரு பயிற்சிக் கையேட்டில் இப்படி ஒரு வரி: “பத்தியைத் தேர்ந்தெடுத்து நியாயப்படுத்தவும்.” பத்தி செய்த குற்றம் என்னவோ! வரிகளின் இரு ஓரங்களையும் நேராக்கும் ‘ஜஸ்டிஃபை’ என்னும் கட்டளைக்குக் கொடுத்த மொழிபெயர்ப்பு இது. இதே சொல்லைக் கணினி மெனுக்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் பார்த்துச் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

‘ஜஸ்டிஃபை’ இலத்தீனிலிருந்து வந்த சொல். ‘யூஸ்டுஸ்’ என்றால் நேர்மையானது, சரியானது. நீதிமன்றம் நேர்மையை எடுத்துக்கொண்டது. அச்சகம் சரியான அளவை எடுத்துக்கொண்டது. அகராதியில் முதலில் இருக்கும் பொருளோடு மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மெனுச் சொற்களை நீளப் பட்டியலாகக் கொடுத்து விடுகிறார்கள். திரையில் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

அது என்ன செய்கிறது என்பதை அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்த பழைய கம்பாசிட்டர்கள் அறிவார்கள். இடக்கையில் வரியைக் கோக்கும் ஸ்டிக் என்னும் தட்டு, வலக்கையால் கேஸ் என்னும் அறைப்பெட்டியிலிருந்து எழுத்தைப் பொறுக்கிக் கோப்பார்கள். வரியின் கடைசியில் இடம் மிஞ்சினால் சொற்களுக்கு நடுவே உள்ள ஸ்பேஸ் துண்டுகளை மாற்றிப் போட்டு, வரியை அளவுக்கு இறுக்குவார்கள். வெறும் அழகுக்காக அல்ல. வரி தளர்ந்திருந்தால், முடுக்கிய ஃபாரத்தை, அதாவது சட்டத்தில் இறுக்கிய பக்கத்தை, தூக்கும்போது எழுத்துகள் உதிர்ந்துவிடும். ஓலைச்சுவடியில் இந்தத் தொல்லையே இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதியவர்களுக்குப் பங்கிட எதுவும் இல்லையே.

கணினிக்கு இந்த வேலை வந்தபோது அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவை டிராஃப், என்ராஃப் என்னும் இரட்டை மென்பொருள்கள். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஜோசப் ஒசானா எழுதியவை. ஒரே மூலக் கோப்பை டிராஃபிடம் கொடுத்தால், எழுத்துகளை ஒளியால் படச்சுருளில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்குப் போகும். என்ராஃபிடம் கொடுத்தால் தட்டச்சுப் போன்ற வெற்று உரையாக வரும். இரண்டிலும் கட்டளைகள் தனித்தனி: சொற்களை அள்ளி வரியை நிரப்புவது ஒன்று, நிரப்பிய பின் மிஞ்சிய இடத்தைப் பங்கிட்டு ஓரத்தைத் தொட வைப்பது இன்னொன்று.

என்ராஃபில் ஒரு வரிக்கு 65 கட்டங்கள் (ஓர் எழுத்தோ ஒரு வெற்றிடமோ உட்காரும் ஒரே அகல இடங்கள்) என்று வைத்துக்கொள்வோம். இடைவெளிகளோடு சேர்த்துச் சொற்கள் 61 கட்டங்களில் முடிந்துவிட்டன. நடுவே எட்டு இடைவெளிகள் இருக்கின்றன. மிச்சம் நான்கு. அரைக் கட்டம், கால் கட்டம் என்ற பேச்சே அங்கு கிடையாது. ஆகவே நான்கு இடைவெளிகளுக்கு ஆளுக்கொன்று கூடுதலாகக் கொடுக்கும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து கொடுத்தால் இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து பக்கத்தில் வெள்ளை ஆறு போல ஓடும் என்பதால் அடுத்த வரியில் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கும். டிராஃபுக்கு அந்தச் சங்கடம் இல்லை. நான்கையும் எட்டு இடைவெளிகளுக்கும் மிக நுண்ணியதாகப் பிரித்துவிடும்.

இந்த வேலைக்குத் தமிழில் சொல் இருக்கிறது: நிரவு. மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் விட்டு வயலை நிரவுவது தாமிரபரணிப் பாசனத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உபரி ஆசிரியர்களைப் பற்றாக்குறைப் பள்ளிகளுக்கு மாற்றும்போது கல்வித்துறை ‘பணி நிரவல்’ என்று ஆணை போடுகிறது. மிஞ்சியதை எடுத்துக் குறைந்த இடத்தில் பரப்புவதுதான் வயல், பள்ளி, வரி மூன்றிலும் நடக்கிறது. டிராஃபின் முதல் கட்டளை நிரப்பு, இரண்டாவது நிரவு.

‘இருபுறச் சீரமைப்பு’ போதுமே என்று தமிழார்வலர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நியாயப்படுத்துவதைவிட மேல்தான், ஆனாலும் ஒப்பமாட்டேன். சீரமைப்பு என்றதும் பழுதான சாலையும் தூர்ந்துபோன குளமும்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, இடச் சீரமைப்பு, வலச் சீரமைப்பு என்ற வரிசையில் இதையும் மூன்றாவதாக உட்கார வைத்துவிடுவது. அந்த இரண்டிலும் வரி அப்படியே நகர்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே எதுவும் மாறுவதில்லை. இதிலோ வரிக்குள் இருக்கும் ஒவ்வொரு இடைவெளியும் மாறக்கூடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியில் இந்த மாற்றம் கண்ணை உறுத்தும் அளவுக்குப் போகும். ஓட்டைப் பல்லாகத் தெரியும் வரி எங்கிருந்து வந்தது என்று சீரமைப்பு என்னும் சொல் சொல்லாது. அதிலிருந்து வேறு சொற்களும் கிளைப்பதில்லை. சீரமைக்காத ஓரம் என்றால் ஏதோ குறை வைத்தது போல ஆகிவிடும். நிரவிய வரி, நிரவாத ஓரம், மிகை நிரவல் என்றெல்லாம் எளிதாகச் சொல்லிக்கொண்டு போகலாம்.

தூய தமிழ்ப் பிடிவாதத்தில் இதைச் சொல்லவில்லை. டிடிபி கடையில் ‘ஜஸ்டிஃபை செய்துகொடுங்கள்’ என்றால் வேலை நடக்கிறது. அந்தச் சொல்லோடு எனக்கு வழக்கு இல்லை. தமிழ் போலத் தோற்றம் காட்டி வேறு பொருளைத் தலையில் கட்டுவதுதான் பொறுக்கவில்லை.

தமிழில் வெற்று உரை தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நெல்லை’ நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஆறு குறிகள். குறிகளைக் கட்டங்களாக எண்ணி நிரவும் நிரல், வலது ஓரத்தை நேராக்கியதாக நினைத்துக்கொண்டு கோணலாக்கிக் கொடுக்கும். அத்தகைய கோப்புகளில் நிரவலை நிறுத்திவிட்டு, இடது ஓரத்தை மட்டும் நேராக விடுங்கள்.