டிராயரில் தூங்கிய செக்குகள்

சிக்கலில் இருக்கும் நிறுவனத்துக்கு முதல் தடவை போனால், அநேகமாக ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தைத்தான் என் முன்னால் வைப்பார்கள். வண்ணப் படங்கள், வலது பக்கம் போகப்போக ஏறும் கோடுகள், கடைசிப் பக்கத்தில் சந்தையில் முதலிடம். பார்த்துவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு வங்கியில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை வாரம் தாங்கும்? இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதற்கு டக்கென்று பதில் சொன்ன முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு நிறுவனம். முதலாளி நல்ல உழைப்பாளி, காலை ஆறு மணிக்கே ஆலையில் நிற்பவர். "ஆர்டருக்குக் குறைவே இல்லை சார். விற்பனை இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். வங்கி கொடுத்த அறிக்கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அவர்களுடைய ஏட்டிலோ வங்கி இருப்பு பெரிய மைனஸ். இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது என்று கேட்டேன். கணக்குப் பார்க்கும் அம்மா முதலாளியை ஒரு தடவை பார்த்தார். அவர் தலையசைத்ததும் கீழ் டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். 23 செக்குகள். எல்லாம் சப்ளையர்களுக்கு எழுதி, கையெழுத்தும் போட்டவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் சீட்டு, அதில் எத்தனை தடவை போன் வந்தது என்பதற்குக் கோடுகள். "கணக்குப்படி எல்லாம் கொடுத்தாச்சு சார். அவங்க கைக்குத்தான் இன்னும் போகலை."

கூட்டிப் பார்த்தோம். வங்கியில் இருந்ததைப்போல மூன்று மடங்கு.

இந்தக் காட்சியை நான் மறக்காததற்குக் காரணம், அந்த நிறுவனம் லாப நஷ்டக் கணக்கில் லாபத்தில் இருந்தது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை, உண்மையான லாபம்தான். ஆனால் பில் போட்ட நாளிலேயே லாபம் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வாடிக்கையாளர் மனம் வைக்கும் நாளில்தான் வருகிறது. சம்பளமும் மின்கட்டணமும் அதுவரை காத்திருக்காது.

"விற்பனை ஏறினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் நான் பார்த்தவரை நிறுவனங்களைக் கவிழ்ப்பதில் இதற்குத்தான் முதல் இடம். ஒரு நிறுவனம் வாங்கிய மூலப்பொருள், பண்டமாகி வெளியே போகும்வரை 45 நாள் உள்ளே கிடக்கிறது. விற்ற பிறகு பணம் வர 75 நாள். சப்ளையர் கொடுக்கும் தவணை 30 நாள். 45-ஐயும் 75-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 90 நாள். அதாவது ஒவ்வொரு நாளும் தொழிலில் போடும் பணம் 90 நாள் வெளியே சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறது. நாளொன்றுக்கு 1 பங்கு போட்டால் எந்நேரமும் 90 பங்கு முடங்கிக் கிடக்கும். விற்பனையை மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்: முடங்கும் தொகை 120 ஆகிறது. அந்தக் கூடுதல் 30 பங்கு எங்கிருந்து வரும்? லாபத்திலிருந்து என்றால் அந்த லாபமே இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே கடன். அல்லது டிராயர்.

அப்புறம் தள்ளுபடி. விற்பனையை வேகமாக ஏற்றச் சொன்னால் விற்பனைப் பிரிவு முதலில் கேட்பது இதைத்தான். நூறுக்கு விற்கும் பொருளில் நேரடிச் செலவு 70, மிச்சம் 30 என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 20. முன்பு கிடைத்த அதே தொகை கிடைக்க வேண்டுமானால் 50 சதவீதம் அதிகமாக விற்றாக வேண்டும். பத்து சதவீதத்துக்குப் பத்து சதவீதம் கூட விற்றால் ஈடாகிவிடும் என்று மனம் தானாகவே கணக்குப் போடுகிறது, அங்கேதான் சறுக்கல். இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். விலையைப் பத்து சதவீதம் ஏற்றினால் மிச்சம் 40. வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் கோபித்துக்கொண்டு போனாலும் பழைய தொகை கைக்கு வரும், வேலையும் குறையும். எல்லாத் தொழிலிலும் விலையை ஏற்ற முடியாது, தெரியும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமலே தள்ளுபடிச் சுற்றறிக்கை அனுப்பியவர்கள்தான் அதிகம்.

சரி, முதலில் என்ன செய்வது? திட்டம் என்று நான் எழுதச் சொல்வது 13 வாரத்துக்கு மட்டும். நெருக்கடி நிறுவனங்களோடு வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் பழக்கமான கருவி இது, என் கண்டுபிடிப்பில்லை. 13 வாரம் என்றால் ஒரு காலாண்டு. ஒரு தாளில் நெடுக்காக 13 பத்திகள், வாரத்துக்கு ஒன்று. மேலே வாரத் தொடக்க இருப்பு, அடுத்து வரவு, கீழே செலவு, அடியில் வார முடிவு இருப்பு. அந்த இருப்பு அடுத்த வாரத்தின் தலையில் ஏறும். அவ்வளவுதான். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். நிரப்ப உட்காரும்போதுதான் நிறுவனத்தின் உண்மை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

வரவுப் பகுதியில் பில்லில் அச்சடித்த கெடுவை எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளர் கடைசி நான்கு பில்லுக்கு எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து, அந்தத் தேதியை எழுதுங்கள். விற்பனை மேலாளரைக் கேட்டால் "அடுத்த வாரம் கண்டிப்பா" என்பார். கணக்குப் பிரிவைக் கேட்டால் "அவர் மாதக் கடைசியில்தான் செக் போடுவார், அதுவும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினால்" என்பார்கள். இரண்டாவது பதிலை எழுதுங்கள். செலவுப் பகுதியில் எல்லாரும் மறப்பது வருடத்துக்கு ஒரு தடவை வருபவை: காப்பீட்டுத் தவணை, உரிமம் புதுப்பித்தல், போனஸ், வரி. பன்னிரண்டால் வகுத்துப் போடக் கூடாது, எந்த வாரம் பணம் போகிறதோ அந்த வாரத்தில் முழுத் தொகையையும் போட வேண்டும்.

முதல் தாள் கட்டாயம் தப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பலன். மூன்று வாரம் விடாமல் பார்த்தாலே எந்த வாடிக்கையாளரின் வாக்கு நிற்கும், எந்தத் துறை எப்போதும் கூட்டிச் சொல்கிறது என்று பிடிபட்டுவிடும். முடிந்த வாரத்தை வெட்டிவிட்டு, கடைசியில் புது வாரம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாளில் எப்போதும் 13 வாரம் இருக்கும். எட்டாவது வாரத்தில் இருப்பு மைனஸ் போகிறது என்று இன்றே தெரிந்தால் சப்ளையரைப் பார்த்துப் பேசலாம், வங்கிக்கு நேரத்தோடு எழுதலாம், கிடங்கில் தூசி படிந்த சரக்கைத் தள்ளிவிடலாம். அன்று காலையில் தெரிந்தால் போனை எடுக்காமல் இருக்க மட்டும்தான் முடியும்.

தொண்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. உங்கள் வங்கி இருப்பில் பெரும்பகுதி குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்காக வந்த நிதியாக இருக்கும். அதைத் தனிப் பத்தியில் வைக்காமல் மொத்தமாகப் பார்த்தால் செழிப்பாகத் தெரியும். ஒரு திட்டத்தின் பணத்தை எடுத்து இன்னொரு திட்டத்தின் சம்பளம் கொடுப்பது, "அடுத்த நிதி வந்ததும் திருப்பி வைத்துவிடலாம்" என்றுதான் தொடங்கும். வணிக நிறுவனங்களில் இதே தப்பு, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் செலவழிப்பதாக வருகிறது. அது உங்கள் பணமே இல்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

13 வாரத் தாள் மூச்சுவிட நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். கஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்தின் திட்டத்தில் புதிதாகச் செய்யப்போவதன் பட்டியல் நீளமாகவும் விடப்போவதன் பட்டியல் காலியாகவும் இருந்தால் எனக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை வராது.

ஆப்பிள் நிறுவனத்தின் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் தப்பான பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். 1997 நிதியாண்டில் அதன் நஷ்டம் 100 கோடி டாலருக்கும் மேல். திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் முதலில் செய்தது வெட்டுவது: குவிந்து கிடந்த மாடல்களைக் கழித்துவிட்டு, வீட்டுக்கும் தொழில்முறைப் பயன்பாட்டுக்கும், மேசையில் வைப்பதற்கும் கையில் எடுத்துப்போவதற்குமாக நான்கே கட்டங்களில் கணினி வரிசையைச் சுருக்கினார். மைக்ரோசாஃப்ட்டிடம் போய் 15 கோடி டாலர் முதலீடும் வாங்கினார்; போட்டியாளர் என்று பார்க்கவில்லை. 1998-இல் வந்து சேர்ந்த டிம் குக், கிடங்குகளை மூடி, வாரக்கணக்கில் தேங்கிய சரக்கை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தார். 1998 நிதியாண்டு லாபத்தில் முடிந்தது. பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாட் வந்தது 2001-இல். பெரும் புதுமை வரும் முன்பே கணக்கு நேராகிவிட்டது என்பதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து விளையாடும் பொம்மைகளைச் செய்யும் லெகோ இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே நோய் சோம்பலால் வரவில்லை, படைப்பூக்கத்தால் வந்தது. வடிவமைப்பாளர்கள் கேட்ட புதுத் துண்டெல்லாம் கிடைத்தது. சில வருடங்களில் வெவ்வேறு துண்டுகளின் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு புதுத் துண்டுக்கும் ஓர் அச்சு வேண்டும், ஓர் இடம் வேண்டும், ஒரு கணக்கு வேண்டும். 2004-இல் யோர்கன் விக் க்னுட்ஸ்டார்ப் தலைமைக்கு வந்தபோது நிறுவனம் கடும் நஷ்டத்தில் இருந்தது. துண்டுகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைக்கப்பட்டது, லெகோலேண்ட் பூங்காக்களின் பெரும்பங்கு 2005-இல் விற்கப்பட்டது. குழந்தைகள் யாரும் துண்டு குறைந்துவிட்டதே என்று அழுததாகத் தெரியவில்லை.

நாம் அட்டைப்பெட்டிக்கு வருவோம். பொருள்வாரியாக லாபம் எடுக்கச் சொன்னேன். அட்டை விலையை மட்டும் கழித்தால் எல்லாப் பொருளிலும் லாபம்தான். அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் இயந்திரத்தை நிறுத்தி மாற்றிப் பூட்ட ஆன நேரம், திரும்பி வந்த பெட்டி, பணத்துக்காகச் செய்த போன் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தோம். விதவிதமான அளவுகளில் சின்னச் சின்னதாக வரும் ஆர்டர்கள் இயந்திரத்தின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. அதைவிட அதிர்ச்சி, முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மிகப்பெரிய வாடிக்கையாளர். விலையையும் அடித்துப் பேசுகிறார், பணமும் எல்லாருக்கும் கடைசியாகக் கொடுக்கிறார். 23 செக்கில் பாதி அவருக்குச் செய்து கொடுத்த சரக்குக்கான மூலப்பொருள் பாக்கி.

இப்படிப்பட்ட இடத்தில் புள்ளிவிவரம் மட்டும் வேலைக்கு ஆகாது. 1985-இல் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தை நடத்திவந்த இருவரில் ஆண்டி க்ரோவ், கார்டன் மூரிடம் கேட்ட ஒரு கேள்வியை நான் அடிக்கடி கடன் வாங்குவேன்: நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரி சிப் தொழிலை விட்டுவிடுவார் என்று மூர் சொன்னார். அதை அவர்களே செய்தார்கள். நிறுவனமே தொடங்கியது அந்தத் தொழிலில்தான். நான் முதலாளியிடம் கேட்டபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சின்ன ஆர்டர்களுக்காகவே அவருடைய அப்பா வாங்கிய பழைய இயந்திரத்தைச் சொன்னார். கூட்டத்தை அன்றைக்கு அத்துடன் முடித்துக்கொண்டோம்.

முடிவு எடுத்த பிறகு அதை உடைத்துப் பார்க்கவும் ஒரு வழி வைத்திருக்கிறேன். உளவியலாளர் கேரி க்ளைன் பரப்பிய முறை. "இதில் என்ன ஆபத்து?" என்று கூட்டத்தில் கேட்டால், முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் சும்மா இருப்பார்கள். "ஒரு வருடம் போய்விட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் என்று எழுதுங்கள்" என்று தாளைக் கொடுத்தால் பேனா ஓடும். ஆலை மேற்பார்வையாளர் எழுதியது ஒரே வரி: "பெரிய பார்ட்டி போன் பண்ணினால் முதலாளி மறுபடி இறங்கிப்போவார்." படித்துவிட்டு முதலாளியே முதலில் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வாடிக்கையாளரோடு பேசுவது வேறொருவர் என்று முடிவானது. பாதி முன்பணம் இல்லாமல் புது ஆர்டர் இல்லை என்று சொன்னதும் அவர் குதித்தார், மூன்று வாரம் ஆர்டரே தரவில்லை. பிறகு பாதி அளவோடு, முன்பணத்தோடு வந்தார்.

ஆள் குறைப்பு பற்றியும் கேட்பார்கள். முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரே தடவையில், காரணத்தை நேருக்கு நேர் சொல்லிச் செய்யுங்கள். மாதம் இரண்டு பேராக அனுப்பிக்கொண்டிருந்தால், வேறு இடத்தில் வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள்தான் முதலில் தாங்களாகவே போவார்கள்.

சப்ளையர்களிடம் முதலாளியே நேரில் போனார், 13 வாரத் தாளை எடுத்துக்கொண்டு. யாருக்கு எந்த வாரம் எவ்வளவு என்று காட்டினார். இருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை; அவர்களுக்கு முதலில் கொடுத்து முடித்தோம். மற்றவர்கள் தாளில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம்.

பதினொன்றாவது வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது கணக்கு அம்மாவே தாளை முதலில் எடுத்து வைத்தார். டிராயரைக் காட்டச் சொன்னேன். இரண்டு செக் இன்னும் இருந்தன. மஞ்சள் சீட்டில் கோடுகள் இல்லை, சப்ளையரோடு பேசி வைத்த தேதி மட்டும் இருந்தது.