சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதுமுன்

வார்டு அலுவலகம், மண்டல அலுவலகம், மாநகராட்சியின் 1913, முதல்வர் உதவி மையத்தின் 1100 ஆகிய புகார் எண்கள், முதல்வரின் முகவரி என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிய பிறகும் "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒரு குறுஞ்செய்தி மட்டும் கையில் மிஞ்சியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடிகாலுக்கு டெண்டர் விட்டு, பில் போட்டு, பணம் பட்டுவாடா ஆகி, தெருவில் மட்டும் தண்ணீர் வடியாமல் நின்றால் கணக்குக் கேட்பது யார்? எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய சட்டமன்றக் குழுக்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. பொதுக் கணக்குக் குழு பெரும்பாலும் தணிக்கை அறிக்கையை வைத்துத்தான் துறைகளை விசாரிக்கும். மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு இவற்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. தெருவில் இருப்பவர் நேராக எழுதிப்போட ஏற்றது மனுக்கள் குழு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழு பரிந்துரைதான் செய்யும், உத்தரவு போடாது. ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் மனுதாரரை வைத்துக்கொண்டே துறை அலுவலரை அழைத்து விளக்கம் கேட்கும். வேறு எந்தக் கவுன்ட்டரிலும் இது நடக்காது.

மாவட்ட ஆய்வுக்குக் குழு வருமுன் அந்தந்த ஆட்சியர் செய்திக் குறிப்பு விடுவார். நாளிதழில் உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்து போய்விடும், கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். தாம்பரத்தில் இருப்பவர் செங்கல்பட்டு ஆட்சியரின் அறிவிப்பையும், ஆவடியில் இருப்பவர் திருவள்ளூர் ஆட்சியரின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். முகவரியில் சென்னை என்று எழுதுவதாலேயே சென்னை மாவட்டம் ஆகிவிடாது.

மனு தமிழில் இருக்க வேண்டும். அறிவிப்புகளில் வழக்கமாகக் கேட்பது ஐந்து நகல். தேதியோடு கையெழுத்து வேண்டும். பலர் தேதி போட மறந்துவிடுகிறார்கள். அனுப்ப வேண்டிய முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீட் போஸ்ட்டிலேயே ஒப்புகையோடு அனுப்புங்கள். ரசீதை உடனே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் அழிந்துவிடும்.

மனுக்கள் அதிகம் அடிபடுவது தகுதியில்தான். பட்டா மாற்றம், முதியோர் ஓய்வூதியம், வேலை கேட்பது, வங்கிக் கடன், தொழிற்கடன், பணியிட மாற்றம் எல்லாம் தனிநபர் குறை என்று ஒதுக்கப்படும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும் எடுக்கப்படாது. பக்கத்துத் தெருக்காரர் அதே பிரச்சினைக்கு ஏற்கெனவே வழக்குப் போட்டிருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். ஓய்வூதியம் நின்றுபோன பாட்டிக்கு இந்தக் குழுவால் பயனில்லை. அவரைத் திங்கட்கிழமை ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்துக்கு அழைத்துப்போவதுதான் சரி.

கோபத்தில் "ஏ.இ. (உதவிப் பொறியாளர்) காசு வாங்குகிறார்" என்று ஒரு வரி சேர்ப்பவர்கள் நிறைய. அலுவலர்களின் குறைகளைச் சொல்லும் மனு விதிப்படி ஏற்கப்படாது. அந்த ஒரு வரிக்காக முழு மனுவும் போய்விடும். லஞ்சப் புகார் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனியாக எழுதுங்கள்.

ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை. சென்னைக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் தலைமைச் செயலகத்தில் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கீழ்தான் வருகின்றன. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் துறையே மாறிவிடும். தெருவில் தொங்கும் மின்கம்பியையும் அதே மனுவில் சேர்த்தால் எரிசக்தித் துறை வந்துவிடும். இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார், மனு நடுவில் நின்றுவிடும். சாலை யாருடையது என்பதை வார்டு அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டு நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஆள் பல மனு போட்டாலும் ஒன்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். நலச்சங்கச் செயலாளரே ஐந்து பிரச்சினைக்கும் கையெழுத்துப் போடுவதற்குப் பதில், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் மனுதாரர் முகவரிக்கே வரும், சில சமயம் கடைசி நேரத்தில். அதனால் அடுத்த மாதம் வீடு மாற்றப்போகிற வாடகைதாரர் பெயரில் மனு போடாதீர்கள்.

எழுதும் முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பதில் தர 30 நாள் கெடு. "ஏன் வேலை முடியவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்வது தங்கள் வேலையில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அந்தப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், இறுதி பில். பக்கத்துக்கு 2 ரூபாய். எம்-புக் என்று சொல்லப்படும் அந்த அளவுப் புத்தகத்தில்தான் எத்தனை மீட்டர் கட்டியதாகக் காட்டிப் பணம் கொடுத்தார்கள் என்பது இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நீங்களே அளந்து பாருங்கள்.

பிறகு மனுவின் மையம் இப்படி இருக்கலாம்: "மேற்படி தெருவில் கட்டப்பட்ட மழைநீர் வடிகால் கால்வாயோடு இணைக்கப்படவில்லை. பணி முடிந்ததாக இறுதி பில் வழங்கப்பட்டுள்ளது. அளவுப் புத்தகத்தில் உள்ள நீளத்துக்கும் களத்தில் உள்ள நீளத்துக்கும் வேறுபாடு உள்ளது. இணைப்பு வேலையை முடிக்கவும், அளவுப் புத்தகத்தைத் துறை குழுவின் முன் வைக்கவும் பரிந்துரைக்க வேண்டுகிறோம்." பணி ஆணை எண், தேதி, பழைய புகார் எண்களை மனுவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அசல் ஆவணம் எதையும் அனுப்ப வேண்டாம். அமைச்சர் இதைப் பற்றிச் சபையில் ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால் தேதியோடு குறிப்பிடுங்கள். அதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும், அவற்றையும் புரட்டுங்கள்.

ஆய்வு நாளில் பேசக் கிடைப்பது சில நிமிடம். அதிகாரி சொல்லப்போவது ஏறக்குறைய முன்பே தெரிந்ததுதான்: "கருத்துரு (வேலைக்கான முன்மொழிவு) அனுப்பப்பட்டுள்ளது, நிதி வந்ததும் எடுக்கப்படும்." உடனே கேளுங்கள்: கருத்துரு எண் என்ன, எந்தத் தேதியில், யாருக்குப் போனது? இந்த மூன்றும் குழு முன்னால் பதிவானால் அடுத்த முறை அவர் அதே பதிலைச் சொல்ல முடியாது. வரலாறு சொல்ல ஆரம்பித்தால் நேரம் முடிந்துவிடும்.

ரயில்வே, பெரிய துறைமுகம், விமான நிலையம், வருங்கால வைப்பு நிதி என்றால் மாநிலக் குழுவுக்கு எழுதிப் பயனில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை. மக்களவை மனுக்கள் குழுவுக்குத் தமிழில் எழுதினால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். இணைப்பாகக் கடிதமோ பிரமாணப் பத்திரமோ வைக்கக் கூடாது. கையெழுத்துகள் ஒரு தாளுக்கு மேல் போனால் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கையை மறுபடி எழுத வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது செல்லாது. நாடாளுமன்றத்தின் துறைவாரி நிலைக்குழுக்கள் ஒரு மசோதாவுக்குக் கருத்துக் கேட்டால் கெடு பெரும்பாலும் 15 நாள்தான். அப்படி அனுப்பிய கருத்துரை குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். அதை அப்படியே முகநூலில் போட்டால் சபையின் உரிமையை மீறிய குற்றச்சாட்டில் சிக்குவீர்கள்.

பேரவையின் காலம் முடிந்தால் குழுவும் முடிந்துவிடும். தேர்தலுக்கு முன் போட்ட மனு தானாக நகரும் என்று காத்திருக்காமல், புதுக் குழு அமைந்ததும் புதிதாக அனுப்புங்கள். மனு என்ன ஆயிற்று என்று பேரவைச் செயலகத்திடம் குழு நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டால் பேரவையின் சிறப்புரிமை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(சி) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். அதற்குப் பதில் அதே சட்டத்தில் துறையிடம் கேளுங்கள்: பேரவைச் செயலகத்தின் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் பதில் அனுப்பினீர்கள், பதிலின் நகல் தருக. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.