ஐம்பது வயதுத் தொப்பையும் எழுபது வயது மூளையும்

“அம்மாவுக்கு 74 வயது, நீரிழிவு உண்டு. ஒரு வருடமாக ஒன்றும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டு வருகிறது. மூளைக்கும் நல்லதுதானே?” என்று சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். அவசரப்பட்டு மகிழ வேண்டாம்.

நாற்பது, ஐம்பதுகளில் உடல் பருமன் இருந்தால் பின்னாளில் முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பு கூடும். ரத்த அழுத்தம், அடைபட்ட ரத்தக்குழாய் எல்லாம் தெரிந்த கதை. நம்மவர்களுக்கு அதே எடையில் ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். அதனால்தான் சிங்கப்பூரில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 23ஐத் தொட்டாலே எச்சரிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு பாதை. இன்சுலினைச் சிதைக்கவென்றே உடலில் ஒரு நொதி இருக்கிறது. இரண்டு பாதிகள், நடுவே வெற்றிடம். கிட்டத்தட்ட ஒரு குங்குமச் சிமிழ். சின்னப் புரதம் நுழைந்ததும் மூடிக்கொண்டு துண்டாக்கும், அப்புறம் திறந்து வெளியே விடும். பெரிய புரதம் உள்ளேயே போகாது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் கச்சிதமாக அடங்கும். 40, 42 அமினோ அமிலங்கள் கொண்ட அமிலாய்டு பீட்டாவும் அடங்கும்! முதுமை மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் வந்தவர்களின் மூளையில் படிந்து கிடக்கிறதே, அதேதான். ஆனால் இந்த நொதி இறுகப் பிடிப்பது இன்சுலினைத்தான். சோதனைக் குழாயில் இன்சுலின் ஏற ஏற, அமிலாய்டு சிதைவது மந்தமாகிறது. வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக எடுபடாது. ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கும். அப்போது அமிலாய்டை யார் கவனிப்பது? மனித மூளையில் இதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை. இருந்தாலும் என்ன அழகான சிக்கல்!

சரி, 74 வயதில் இளைத்தால்? லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்துவரும் வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். மறதிநோய் வந்தவர்களின் பிஎம்ஐ, நோய் கண்டறியப்படுவதற்கு 28 ஆண்டுகள் முன்பு மற்றவர்களைவிட அதிகம். கடைசி 8 ஆண்டுகளில் குறைவு. நோய் வெளியே தெரியும் முன்பே ஆளை இளைக்க வைத்துவிடுகிறது. வாசனை மங்கும், பசி குறையும், சாப்பிட்டோமா என்பதே மறந்துபோகும். முதியவர்களை மட்டும் எடை பார்த்துச் சில ஆண்டுகள் தொடர்ந்தால், குண்டாக இருப்பது மூளைக்கு நல்லது என்று தலைகீழ் முடிவு வரும். வந்தும் இருக்கிறது. மூன்று, ஐந்து ஆண்டு ஆய்வு மானியத்தில் இதெல்லாம் பிடிபடாது. முப்பது ஆண்டுப் பொறுமைக்குப் பணம் கொடுக்க ஆட்கள் தயங்குவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வாசகரே, ஞாபகசக்தி லேகியம் தேடிக் கிளம்பாமல் அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போங்கள். தைராய்டு, பல் வலி, கட்டுப்படாத சர்க்கரை, சாப்பிடும் மாத்திரை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். எந்த மாதம் எத்தனை கிலோ என்று எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.